ஆறுதலா

"கெதியா" என்கிறது கனடாவிலிருந்து வந்த மின்னஞ்சல்.
மூன்றாம் அத்தியாயத்திலாவது ஒரு முத்தம் வேணுமாம்.
காசு குடுத்து வாங்குகிறவன்
இருபத்தைந்து தரம் பிளேன்டீயா குடிப்பான்?

கிளிநொச்சி. கரடிப்போக்குச் சந்திக்கு உள்ளே
டயர்க்கடைக்கு மேல்மாடி.
ரெண்டு கணினி, ஒரு மேசை விசிறி,
கரண்ட் நின்றால் கத்துகிற யூ.பி.எஸ்.
இங்கிருந்துதான் எழுதுகிறேன்
வளர்ந்தவர்களுக்கான ஒரு காதல் விளையாட்டு.
தொடக்கத்தில் வயது கேட்கும்,
பதினெட்டுக்குக் குறைந்தால் சாத்திவிடும்.
சாத்தாமல் உள்ளே விட்டவர்களையும்
முப்பத்தேழு நாள் வெளியில்தான் நிறுத்துகிறேன்,
ஆரபி வீட்டுப் படலைக்கு இந்தப் பக்கம்.

இதுதான் சண்டை.
ஆரபிக்கு முப்பத்தெட்டு வயது.
கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறாள்.
ஒருக்காக் கட்டி, ஒருக்கா விட்டவள்.
பூவை அமத்தினால் புள்ளி ஏறி
சேலை அவிழ்க்கிற பொம்மை இல்லை.
ஐந்தாம் நாள் உங்கள் பெயரைச் சொல்ல வந்து
பாதியில் நிறுத்துவாள்.
மிச்ச நாளெல்லாம் அந்த மறுபாதிக்கு.
பன்னிரண்டாம் நாள் குடையைத் திருப்பித் தருவாள்,
முறிந்திருந்த கம்பி ஒன்று திருத்தியிருக்கும்.
கவனிக்காமல் அடுத்த பொத்தானுக்குப் பாய்கிறவனுக்கு
பத்தொன்பதாம் நாள் மழை பெய்யாது.
அவ்வளவுதான் தண்டனை.

ஆடிப் பார்த்துப் பிழை பிடிக்கிறவர் சாரங்கன்.
எனக்குப் பக்கத்துக் கதிரை.
முந்தி முகமாலையில் கண்ணிவெடி எடுத்தவர்,
ஏழு வருசம் முழங்காலில்,
நாளுக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்.
சி.ஆர் கொப்பியில் எழுதி வைப்பார்:

நாள் 22. நுளம்புத்திரிப் புகை சுவருக்குள்ளால போகுது.
நாள் 26. அவ சிரிச்சாப்பிறகு ஒரு நொடி கூட விடவும்.
நாள் 31. இதில நான் எழும்பிப் போய்த் தண்ணி குடிச்சனான்.

கடைசியை நான் பிழைக்கணக்கில் சேர்க்கவில்லை.

கனடாக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.
"கெதியாப் போனவைக்குக் கால் மிஞ்சேல்லை."
சொல்லிவிட்டு, பகிடி கூடிப்போச்சோ என்று
என் முகத்தைப் பார்த்தார்.
சிரித்தேன்.
அவர் ஒரு நொடி கூட விட்டார்.

முப்பத்தெட்டாம் நாளில்தான் எனக்குச் சிக்கல்.
படலை திறந்தாயிற்று. கிணற்றடி.
அவள் கையும் ஆடுகிறவன் கையும்
ஒரே வாளியின் பிடியில்.
மேலே எழுதத் தெரியாமல் இல்லை.
நாலு வரைவு கிடக்கிறது, நாலிலும் எல்லாம் நடக்கிறது:
வியர்வை, கொக்கி,
பாயின் கோரை முதுகில் பதித்த வரி வரியான தடம்.
வாசிக்க எனக்கே காது சுடுகிறது.
ஆனால் அந்த வாளிக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறதே,
அதை யார் எப்போது கீழே வைத்தது?
நாலு வரைவிலும் வாளி காற்றில் தொங்குகிறது.

அன்றைக்கு ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
யூ.பி.எஸ் கத்தி ஓய்ந்தது.
யாழ்ப்பாணம் போகிற பஸ் ஒன்று
சுவர் நெடுக வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போனது.
கொப்பி மூடுகிற சத்தம்.
பக்கத்துக் கதிரை கிட்ட வரவில்லை,
தள்ளியும் போகவில்லை.
"போவமே?" என்றேன்.
"ஆறுதலாப் போவம்."

எங்கட பக்கத்தில் அதற்கு மெல்ல என்று கருத்து.
செத்தவீட்டிலும் இதே சொல்தான், வேறு கருத்தில்.
எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.
படியில் டயர் மணத்தது.
பன்னிரண்டு படி. எண்ணிக்கொண்டே இறங்கினோம்,
ஆளுக்கொரு பக்கச் சுவரைத் தடவி.

காலையில் கனடாவுக்கு ஒற்றை வரி அனுப்பினேன்,
நாற்பதாம் நாளுக்கு முன் முத்தம் இல்லை என்று.
பிறகு கொப்பியைத் திறந்தேன்.
பேனை அமத்தி எழுதியிருந்தது, அடுத்த தாளிலும் பதிய:

நாள் 38. வாளியை அவ வைக்கட்டும்.